கைப்பிடியில் கட்டிய அட்டை

அந்த நிறுவனத்தில் யாருக்கும் அடிபடுவதில்லை. அடிபடுவதற்கு அங்கே அனுமதி கிடையாது. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நிற்கும். மேலே ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று எழுதியிருக்கும், கீழே எண். தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் ஏணி போட்டு ஏறி அந்த எண்ணை மாற்றுவார். ஒரு நாள் அவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு விலகிவிட்டது. எண்ணை மாற்றிய பிறகு விழுந்தாயா, மாற்றுவதற்கு முன்பே விழுந்தாயா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவரிடம் விசாரித்தார்கள். மாற்றிவிட்டுத்தான் விழுந்தேன் என்றார் அவர், பாவம், கடமையை முடித்துவிட்ட நிம்மதியில். அப்படியானால் அந்த நாள் ஏற்கெனவே விபத்தில்லாத நாளாகப் பலகையில் ஏறிவிட்டது, இனி அதை இறக்க முடியாது என்று முடிவானது. மறுநாள் வேறொருவர் ஏணியில் ஏறினார்.

நிறுவனம் என்னதான் செய்கிறது என்பது உள்ளே வேலை பார்த்த நானூறு பேரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் கட்டிடத்தைச் சுற்றிப் பதினோரு ஏக்கர் புல்தரை இருந்தது. அது வளர்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வளர்ந்ததை வெட்ட ஒரு மெஷின் இருந்தது. பெட்ரோலில் ஓடும், பின்னாலேயே நடந்து தள்ள வேண்டிய ரகம். அதைத் தள்ளவும் பழுது பார்க்கவும் சேர்த்து ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னதால்தான் நம் மெக்கானிக் அங்கே வந்து சேர்ந்தான். அதற்கு முன் பதினான்கு வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தவன். பட்டறை மூடிவிட்டது. மனைவிக்குத் துணி மில்லில் விடிகாலை ஷிஃப்ட். ஒன்பது வயது மகளை எழுப்பிக் குளிப்பாட்டி, ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. கிரீஸ் படிந்த விரல்தான், ஆனால் அவன் பின்னிய சடை சாயங்காலம் வரை ஒரு முடி பிசகாது. அந்தத் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி அமையவில்லை.

முதல் நாள் மெஷினைப் பார்த்ததுமே அவனுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது.

இந்த ரக மெஷினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தள்ளும் கைப்பிடியோடு ஒட்டி ஒரு லீவர் இருக்கும். கைப்பிடியையும் லீவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் இன்ஜின் ஓடும். கால் இடறியோ, பயந்தோ, தும்மியோ கையை விட்டால் அந்த நொடியே நின்றுவிடும். மனிதனை நம்பாத புத்திசாலி எவனோ செய்தது. இந்த மெஷினில் பாதுகாப்புப் பிரிவு ஒரு பச்சை அட்டை கட்டியிருந்தது. காற்றில் ஆடக் கூடாது என்று கைப்பிடியையும் லீவரையும் ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கி, முடிச்சு அவிழாதபடி பசையும் ஊற்றியிருந்தார்கள். லீவர் நிரந்தரமாக அமுங்கிக் கிடந்தது. இனி யார் கையை விட்டாலும் மெஷின் நிற்காது. அட்டையில் முதல் விதி, ‘இந்த அட்டையை அகற்றக் கூடாது.’ இரண்டாவது, ‘மற்ற விதிகளைப் பின்பக்கம் பார்க்கவும்.’ பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அப்போ இதை எப்படி நிறுத்துவீங்க?” என்று அவன் காவலாளியிடம் கேட்டான்.

“ஈரத்துணி இருக்கே,” என்றார் காவலாளி. காற்றுப் போகும் வழியில் ஈரத்துணியை வைத்து அமுக்கினால் மெஷின் மூச்சு முட்டி நின்றுவிடுமாம். நிற்கத்தான் செய்யும். ஆனால் வயிறு நிறையப் பெட்ரோலைக் குடித்த நிலையில் நிற்கும். அப்படி நின்ற மெஷினின் அடியில் கையை விட்டு பிளேடைத் திருப்பினால் என்ன ஆகும் என்பது பட்டறையில் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளேடைத் திருப்பினால் இன்ஜினும் திரும்பும். திரும்பிய இன்ஜினுக்கு ஒரு பொறி கிடைத்தால் போதும், அது யாருடைய கை என்று பார்க்காது. அதனால்தான் பிளேடில் கை வைக்குமுன் ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டிய ஒயரைப் பிடுங்கித் தள்ளி வைப்பார்கள். ஒரே ஒரு ஒயர். பிடுங்க இரண்டு விநாடி ஆகும். அந்த ஒயரின் மேல் பாதுகாப்புப் பிரிவு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது.

அவன் யோசிக்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து அட்டையின் பட்டியை அறுத்துவிட்டான். லீவர் ‘டக்’ என்று நிமிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் மெமோ வந்தது.

பாதுகாப்பு அதிகாரியின் அறை மூன்றாவது மாடியில், ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்டுக் குளுகுளுவென்று இருந்தது. அதிகாரி வெள்ளை ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்திருந்தார். அறைக்குள் மேலிருந்து விழக்கூடியது மின்விசிறி ஒன்றுதான்; அதையும் கழற்றிவிட்டிருந்தார். மேஜையில், அறுபட்ட அட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் தடயம் மாதிரி கிடந்தது.

“நீ அறுத்தது வெறும் அட்டைன்னு நினைச்சுட்டியாப்பா?”

“சார், அந்தக் கட்டு லீவரையும் சேர்த்து அமுக்கிட்டு இருந்துச்சு. கையை விட்டாலும் மெஷின் நிக்காது.”

“நீ ஏன் கையை விடறே?”

அவன் பிளாஸ்டிக் பையில் கிடந்த அட்டையைப் பார்த்தான்.

“இங்க பாரு,” என்றார் அதிகாரி, குரலில் பாசம் சொட்ட. “ஒரு ஆளுக்கு அடிபட்டா ரெண்டு மாசத்துல ஆறிடும். மெஷின்ல அட்டை இல்லன்னு ஆய்வுக் குழு எழுதிட்டாங்கன்னா அது ஆறவே ஆறாது. இந்த நாற்காலியில நான் ஒன்பது வருஷமா இருக்கேன். ஒன்பது வருஷத்துல ஒரு அட்டைக்குச் சேதாரம் வந்தது கிடையாது. நான் ஆளுங்களை அப்படித்தான் பார்த்துக்கறேன்.”

வெளியே வந்தபோது, வாசலை ஒட்டிய சின்ன மேஜையில் ஒருவர் காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைச் ‘சீல் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையால் குத்தினார். வலது கை மடியில் இருந்தது. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நம் மெக்கானிக்குக்கு முன்னால் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று காவலாளி பிறகு சொன்னார்.

“பலகையில எண் குறையவே இல்லையே?” என்று கேட்டான் மெக்கானிக்.

“எப்படிக் குறையும்? விபத்துன்னா படிவம் முழுசா நிரப்பியிருக்கணும். கடைசியில அடிபட்டவர் கையெழுத்து. ஃபைல்ல இருக்கற கையெழுத்தோட ஒத்துப்போகணும். அவர் இடது கையால போட்டார், ஒத்துப்போகல. படிவம் செல்லாது. அதனால அவருக்கு அடிபடல.”

காவலாளி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மெக்கானிக் தன் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

மறுநாள் புது அட்டை வந்தது. இந்த முறை பட்டி இரண்டு.

அவனும் சளைக்கவில்லை. பராமரிப்பின்போது பிளக் ஒயரைக் கழற்றிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று முறையாக எழுதிக் கொடுத்தான். அதற்கென்று ஒரு குழு கூடியது. மூன்று முறை கூடியது. மூன்றாவது கூட்டத்துக்கு அவனையும் அழைத்துக் கதவோரம் நிற்க வைத்தார்கள். முழுமையான மெஷினை மட்டுமே பராமரிக்கலாம் என்று விதி இருக்கிறது; ஒயரைக் கழற்றினால் மெஷின் முழுமையாக இருக்குமா என்பதுதான் கேள்வி. இருக்காது என்றார் ஒருவர். கழற்றிய மெஷின் ஓடாது, ஓடாத மெஷின் பழுதான மெஷின், பழுதான மெஷின் நம் பிரிவில் வராது என்றார் இன்னொருவர். இவ்வளவு நேரமும் யாருடைய வாயிலும் விரல் என்ற சொல் வரவில்லை. அவனாகத் தொண்டையைச் செருமி, “சார், கை போயிடும்,” என்றான். குழுவின் செயலாளர் நிமிர்ந்து பார்த்து, “அது இன்னைய அஜெண்டாவுல இல்லையே,” என்றார்.

அனுமதி மறுக்கப்பட்டது. அதற்குப் பதில், பாதுகாப்பு உணர்வு குறைவாக இருப்பதால் அவனுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க முடிவானது.

பயிற்சி கொடுக்க வந்தவர் புல்வெட்டும் மெஷினைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் தன்னால் விருப்பு வெறுப்பின்றிப் பேச முடிகிறது என்றார். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், துணிக் கையுறை எல்லாம் மாட்டிவிட்டார். கண்ணாடி புகையாய் மூடிக்கொண்டது. காது கேட்கவில்லை. பூட்ஸ் இரண்டும் இடது காலுக்கானவை. கையுறை மெல்லிய பருத்தி. அந்த பிளேடுக்கு அது வெண்ணெய். “இப்ப பயம் போயிடுச்சா?” என்று பயிற்சியாளர் கேட்டது அவன் காதில் விழவில்லை. தலையாட்டினான் என்று பதிவாயிற்று.

அதற்கடுத்த வாரம் அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. பாதுகாப்பான பராமரிப்பு எப்படி என்று புல்தரையில் செயல்விளக்கம் நடக்கும். ஓடிச் சூடான மெஷினை நிறுத்தி, சாய்த்து, அட்டையோ முத்திரையோ சிதையாமல், பிளேடைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். செய்பவர், மெக்கானிக்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, முடியாதுன்னு சொல்லிடுங்களேன்.”

“சொன்னா வேலை போயிடும். பட்டறை எல்லாம் ஒண்ணொண்ணா மூடிட்டு இருக்கான். வேற எங்க போறது?”

சீல் அண்ணனின் படிவக் கதையை அவன் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தான். “அவங்க எதுக்குப் பயப்படறாங்க? ஆளுக்கு இல்ல, காகிதத்துக்குத்தானே? அப்போ காகிதத்துலயே எழுதிக் குடுங்க. இன்ன தேதி, இன்ன நேரம், என் விரல் போகப் போகுதுன்னு எழுதுங்க. முழுக் கையோட கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தத் தடவை படிவம் செல்லாதுன்னு சொல்ல முடியாதுல்ல,” என்றாள்.

மில்லில் நூல் அறுந்த இடத்தை இருட்டிலும் கண்டுபிடிக்கிறவள். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. விபத்துப் படிவத்தை வாங்கி வந்து நிறுத்தி நிதானமாக நிரப்பினான். நாள், வெள்ளி. நேரம், பதினொன்று. இடம், தெற்குப் புல்தரை. காரணம், அட்டையால் லீவரைக் கட்டியது, ஒயரைக் கழற்ற விடாதது. இழப்பு என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினான். யாரும் தன் விரலை அப்படி எழுத்தில் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று என்று எழுதினான். கீழே, வலது கையால், வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்தைப் போட்டான்.

மறுநாள் காலை மகள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கேட்டாள். “அப்பா, இன்னைக்கு ஏன் சடை கோணுது?”

“குளிர்ல விரல் மரத்துப்போச்சும்மா,” என்றான். ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

படிவம் பாதுகாப்புப் பிரிவை உலுக்கிவிட்டது என்பது உண்மைதான். மாடிப்படியில் ஆட்கள் ஓடினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசினார்கள். வியாழக்கிழமை மாலை அவனைக் கூப்பிட்டபோது அதிகாரியின் முகம் பூத்துக் கிடந்தது. எழுந்து வந்து கைகுலுக்கினார். குலுக்கிவிட்டுக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்துப் பார்த்தார்.

“ஒன்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு படிவத்தை நான் பார்த்ததில்லப்பா. ஒரு கட்டம் கூடக் காலியா இல்ல. உன்னை நான் தப்பா எடை போட்டுட்டேன்.”

“அப்போ செயல்விளக்கத்தை நிறுத்திடுவீங்களா சார்?”

“எதுக்கு நிறுத்தணும்? விபத்துன்னா என்ன? எதிர்பாராம நடக்கறது. விதியிலேயே அப்படித்தான் இருக்கு. நீதான் நாள், நேரம், இடம், எத்தனை விரல்னு எல்லாம் முன்கூட்டியே சொல்லிட்டியே. இதுல எதிர்பாராதது எங்கப்பா இருக்கு? இது விபத்தே இல்ல. திட்டமிட்ட பராமரிப்புப் பணி. அப்படியே அனுமதி போட்டாச்சு.” காகிதத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். சீல் அண்ணனின் முத்திரை அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. “ஆனா ஒண்ணு. மூணுன்னு எழுதியிருக்கே. நாலாப் போயிடாம பார்த்துக்கோ. எழுதினதுக்கு மேல போச்சுன்னா உன் மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு விளையாடத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தெற்குப் புல்தரையில் ஷாமியானா போட்டு நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஆய்வுக் குழுவினர் ஐந்து பேர், மடியில் ஹெல்மெட்டோடு. ஓரமாக ஆம்புலன்ஸ் ஒன்று பின்கதவைத் திறந்தபடி நின்றது. அனுமதி போட்ட பணி என்பதால் எல்லா ஏற்பாடும் முன்கூட்டியே நடந்திருந்தது. ஒரு வெள்ளைத் துணியும், ஐஸ் நிரப்பிய சிறு டப்பாவும் தட்டில் தயாராக இருந்தன. டப்பாவின் மேல் ‘மூன்று’ என்று ஒட்டியிருந்தது.

மெஷினைப் பத்து நிமிஷம் ஓட விட்டார்கள். காவலாளி ஈரத்துணியை அமுக்கினார். மெஷின் விக்கி விக்கி நின்றது. காற்று வடிகட்டி மேலே இருக்கிற மாதிரிதான் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் விருந்தினருக்குப் பிளேடு தெரியாது என்று மறுபக்கம் சாய்க்கச் சொன்னார் அதிகாரி. சாய்த்ததும் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழ ஆரம்பித்தது. வாடை முன்வரிசை வரைக்கும் போனது. ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

மெக்கானிக் மண்டியிட்டான். பிளேடு அவன் முகத்துக்கு நேராக, ஓரம் மழுங்கி, பச்சை அப்பிக் கிடந்தது. எல்லாரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவர் முகத்தில் கூட வெறுப்போ கோபமோ இல்லை என்பதுதான் அவனை உலுக்கியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

கையை நீட்டினான். நீட்டிய கை பிளேடுக்குப் போகவில்லை. பிளக்குக்குப் போயிற்று. ஒயரைப் பற்றிச் சட்டென்று பிடுங்கினான். சிவப்பு ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முன்வரிசையில் ஒரு அம்மாள் மூச்சை உள்ளே இழுத்தார். அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நிறுத்து. எழுந்திரு. தள்ளி நில்லு.” பிறகு விருந்தினர் பக்கம் திரும்பி, “மன்னிக்கணும். பயிற்சி போதாத ஆள். முறைப்படி எப்படின்னு நானே காட்டறேன்,” என்றார்.

ஒயரை அவரே பிளக்கில் மாட்டினார். புது ஸ்டிக்கர் வரவழைத்து ஒட்டினார். மண்டியிட்டார்.

“சார், வேணாம் சார்,” என்றான் மெக்கானிக். “உங்களுக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க.” அத்தனை நாள் அந்த மனிதரை மனதுக்குள் கரித்துக்கொட்டியவன்தான். இருந்தும் அந்த நிமிஷம் அவருடைய கொழுத்த வெள்ளை விரல்களைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. முன்னால் பாய்ந்தவனைக் காவலாளிகள் இருவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அதிகாரி பிளேடைப் பற்றிச் சுற்றினார். பாதிச் சுற்றில் மெஷின் உள்ளுக்குள் ஒரு முறை இருமியது. கரும்புகை ஒரு சுருள் வெளியே வந்தது. பிளேடு அவர் கையில் லேசாகத் துள்ளியது. அவ்வளவுதான். பற்றிக்கொள்ளவில்லை. மீதிச் சுற்றையும் சுற்றி முடித்துவிட்டு எழுந்து, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆய்வுக் குழுத் தலைவர் எழுந்து இதைவிட எளிமையான நிரூபணம் தேவையில்லை என்றார். இதே முறையைப் பதினாறு கிளைகளிலும் உடனே நடைமுறைப்படுத்தவும், வாரம் ஒரு முறை தவறாமல் செய்யவும் பரிந்துரைத்தார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது. டிரைவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

ஆணை அரை மணி நேரத்தில் அச்சாகி வந்தது. பெற்றுக்கொண்டதற்கு மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இதே முறையில் பிளேடைச் சுற்ற வேண்டும் என்றிருந்தது. சீல் அண்ணன் ஆணையை மேஜையில் விரித்து, அது பறக்காமல் இருக்க வலது கையை அதன் மேல் வைத்தார். இத்தனை வாரத்தில் அவர் அவனிடம் பேசியதே இல்லை. இப்போது தலையை நிமிர்த்தாமல், யாருக்கோ சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“எனக்கும் முதல் நாப்பது தடவை ஒண்ணும் ஆகல தம்பி.”

மெக்கானிக் பேனாவை மூடினான். ஆணையை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குள் போய், கையெழுத்தில்லாமல் அவர் முன்னால் வைத்தான்.

“நான் வேலைக்கு வரல சார்.”

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. அன்று அவர் யாரையும் கோபிக்கிற நிலையில் இல்லை. காகிதத்தைக் கையில் எடுத்து ஒரு முறை நீவிவிட்டுக் கோப்புக்குள் வைத்தார்.

“பரவாயில்லப்பா. இதுல பேர் எழுதற இடத்தைக் காலியா விட்டுத்தான் அடிச்சிருக்கோம்.”